திருடுபோன கணக்கிலிருந்து ஸ்பேம் கிளம்பும்போது: போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் சேவையகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சில சிறு நிறுவனங்களின் அஞ்சல் சேவையகங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எல்லாமே டெபியன் லினக்ஸ் மேல் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் (அஞ்சலை அனுப்பிப் பெறுவது), டவ்காட் (பெட்டிகளையும் உள்நுழைவையும் கவனிப்பது), ரவுண்ட்கியூப் (உலாவியில் அஞ்சல் பார்ப்பது) கூட்டணிதான். வேறெந்தப் பழுதையும்விட அதிகமாக இவற்றில் நான் சரிசெய்திருப்பது ஒன்றைத்தான்: யாரோ ஒரு பயனரின் கடவுச்சொல் வெளியே போய், அந்தக் கணக்கின் வழியாக இரவோடிரவாக ஆயிரக்கணக்கான ஸ்பேம் அஞ்சல்கள் கிளம்பிவிடுவது. உங்கள் கண்ணில் பட்ட அறிகுறியைக் கீழே தேடி, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் எளிய காரணங்கள் முதலில் வரும். செலவு வைப்பவை கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் 10 நிமிடம்

போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்துங்கள். உள்ளே வர வேண்டிய அஞ்சல்கள் தொலைந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். அனுப்பும் சேவையகங்கள் அவற்றைத் தங்கள் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும் என்பதால், அரை மணி நேர நிறுத்தத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஸ்பேம் ஓடிக்கொண்டிருக்கும் அரை மணி நேரம்தான் உங்கள் ஐபி முகவரியின் பெயரைக் கெடுக்கும்.

அடுத்து, அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் வரிசையில் கிடக்கும் அனைத்தையும் போஸ்ட்சூப்பர் கட்டளையின் ஹெச் தெரிவால் நிறுத்திவையுங்கள். அந்த ஹெச் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து ஹெச், நிறுத்திவைத்ததை விடுவித்துவிடும். பதற்றத்தில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, அஞ்சல் பதிவேட்டை வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். டெபியனில் பதிவேடுகளை எழுதும் ஆர்சிஸ்லாக்கின் இயல்பான அமைப்பு வாரந்தோறும் பதிவேட்டைச் சுழற்றி (புதிய கோப்பைத் தொடங்கிப் பழையதை ஒதுக்கி) நான்கு வாரத்துக்குத்தான் வைத்திருக்கும். கடவுச்சொல் களவு போன நாள் பெரும்பாலும் ஸ்பேம் கிளம்பிய நாளாக இருக்காது. அதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வரிசை முழுவதையும் ஒரே கட்டளையில் அழிப்பது. ஸ்பேமோடு சேர்ந்து யாரோ ஒருவரின் கொள்முதல் ஆணையும் அதில் போய்விடும். எந்தக் கணக்கு, எந்த வழி என்று காட்டும் சான்றும் கூடவே போய்விடும்.

## அறிகுறி 1: வரிசை திடீரென ஆயிரக்கணக்கில் வீங்கியிருக்கிறது

வீங்கிய வரிசையெல்லாம் களவு அல்ல. முதலில் க்யூஷேப் கட்டளையால், தேங்கிய அஞ்சல்கள் எந்தெந்தக் களங்களுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) போக வேண்டியவை என்று பாருங்கள். எல்லாமே ஒரே களத்துக்கு உரியவை என்றால் அந்தச் சேவையகம் படுத்திருக்கலாம். எல்லாக் களங்களுக்கும் தேங்கியிருந்து, ‘பெயரைக் கண்டறிய முடியவில்லை’ என்ற பிழை வந்தால், களப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் உங்கள் டிஎன்எஸ் படுத்திருக்கிறது. ஜிமெயில், யாகூ, அவுட்லுக் என்று பரந்து கிடந்து, பெறுநர் பெயர்கள் அகர வரிசைப் பட்டியல்போல வந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டு மூன்று அஞ்சல்களின் அடையாள எண்ணை எடுத்து, போஸ்ட்கேட் கட்டளையால் அவற்றைத் திறந்து பாருங்கள். அதே எண்ணைப் பதிவேட்டில் தேடினால், அஞ்சல் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று முதல் வரியே சொல்லிவிடும். இங்கிருந்து பாதை நான்காகப் பிரிகிறது.

### 1அ: வரியில் சாஸ்ல் பயனர்பெயர் இருக்கிறது, இணைந்த கணினியின் ஐபி முகவரி வெளியூர்

மிகப் பொதுவான நிலை இதுதான். சாஸ்ல் பயனர்பெயர் என்பது கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்த கணக்கின் பெயர். அந்தப் பயனர்பெயர் எதுவோ, அந்தக் கணக்குத்தான் களவு போயிருக்கிறது. அனுப்புநர் முகவரியை நம்பாதீர்கள். ஸ்பேமர் அதை அஞ்சலுக்கு அஞ்சல் மாற்றியிருப்பார். சாஸ்ல் பயனர்பெயரை அவரால் மாற்ற முடியாது. பதிவேடு முழுவதிலும் அந்தப் பெயர்களைப் பிரித்தெடுத்து, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கிரெப், சார்ட், யூனிக் ஆகிய மூன்றும் போதும். வழக்கமாக நாளுக்கு 30 அஞ்சல் அனுப்பும் ஒருவரின் பெயர் 9,000 முறை வந்திருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. ஆனால் பட்டியலின் இரண்டாவது, மூன்றாவது பெயரையும் பார்த்துவிடுங்கள். ஒன்றை மூடியதும் அடுத்ததைத் திறக்கத் தயாராக வைத்திருப்பது ஸ்பேமர்களின் வழக்கம்.

பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள். செக்_சாஸ்ல்_அக்சஸ் அட்டவணையில் அந்தப் பயனரை மறுக்கும் வரியைச் சேருங்கள். அந்த விதி, உள்நுழைந்தவரை அனுமதிக்கும் விதிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் அது ஒருபோதும் எட்டப்படாது. கடவுச்சொல்லை மாற்றுங்கள். டவ்அட்மின் கட்டளையின் கிக் தெரிவால் அந்தப் பயனரின் திறந்த ஐமேப் (பெட்டியைப் படிக்கும்) இணைப்புகளைத் துண்டியுங்கள். களவுக் கணக்கின் பெயர் உள்ள பதிவேட்டு வரிகளிலிருந்து அடையாள எண்களைத் திரட்டி, அவற்றை மட்டும் போஸ்ட்சூப்பரிடம் அழிக்கக் கொடுங்கள். அனுப்புநர் முகவரியை வைத்து அழித்தால் பாதி ஸ்பேம் தப்பும். எஞ்சியதை விடுவித்து, சேவையகத்தை மீண்டும் தொடங்குங்கள்.

### 1ஆ: சாஸ்ல் பயனர்பெயர் இருக்கிறது, ஆனால் முகவரி சேவையகத்தினுடையதே

ரவுண்ட்கியூப் வழியாக வந்திருக்கிறது. வலை அஞ்சல் உள்ளூரிலிருந்தே போஸ்ட்ஃபிக்ஸிடம் பேசுவதால், உண்மையான ஐபி முகவரி அஞ்சல் பதிவேட்டில் இராது. ரவுண்ட்கியூபின் உள்நுழைவுப் பதிவேடு இயக்கப்பட்டிருந்தால் அதில் இருக்கும். இல்லையென்றால் வலைச் சேவையகத்தின் பதிவேட்டில் நேரத்தை ஒப்பிட்டுத் தேட வேண்டும். ஐபி முகவரிவாரியாக நீங்கள் வைத்திருக்கும் வேக வரம்பு எதுவும் இந்த வாசலில் வேலை செய்யாது. போஸ்ட்ஃபிக்ஸ் தன் நம்பகமான வலையமைப்புகளுக்கு அந்த வரம்பிலிருந்து இயல்பாகவே விலக்கு அளிக்கிறது.

1அ-வில் சொன்ன அத்தனையையும் செய்துவிட்டு, ரவுண்ட்கியூபின் பதிப்பு எண்ணையும் பாருங்கள். 2025 ஜூனில் வெளியான 1.5.10, 1.6.11 பதிப்புகளுக்கு முந்தையதாக இருந்தால் நிலைமை தீவிரமானது. உள்நுழைந்த ஒருவர் சேவையகத்திலேயே நிரலை இயக்க வழிவிடும் ஓட்டை அதில் இருந்தது. அதன் எண் சிவிஇ-2025-49113. அந்த ஓட்டைக்குத் தேவைப்படும் ஒரே தகுதி ஒரு செல்லுபடியாகும் கணக்கு. அது இப்போது ஸ்பேமர் கையில் இருக்கிறது. பழைய பதிப்பாக இருந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

### 1இ: சாஸ்ல் இல்லை, யூஐடி எண் இருக்கிறது

அஞ்சல், சேவையகத்துக்குள்ளேயே ஒரு நிரலால் உருவாக்கப்பட்டிருக்கிறது. யூஐடி என்பது அந்த நிரலை இயக்கிய பயனரின் எண். டெபியனில் அந்த எண் 33 என்றால் அது வலைச் சேவையகத்தின் பயனர். அதே இயந்திரத்தில் ஓடும் தொடர்புப் படிவமோ பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரலோ காரணமாக இருக்கும். பிஹெச்பி அமைப்பில் அஞ்சலுக்கான எக்ஸ்-தலைப்பை இயக்கிவிட்டால், அடுத்த அஞ்சலிலிருந்து எந்தக் கோப்பு அனுப்பியது என்பது தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொற்களை மாற்றுவதால் இங்கே எந்தப் பயனும் இல்லை. எண் 0, அதாவது முழு அதிகாரம் உள்ள ரூட் பயனர் என்றால், எதையும் தொடாமல் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

### 1ஈ: சாஸ்லும் இல்லை, யூஐடியும் இல்லை

நம்பகமான வலையமைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அலுவலகத்தின் முழு வலையமைப்பையும் அதில் சேர்த்து வைத்திருக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்கேனர் இயந்திரம் அஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதற்காகச் செய்தது. உள்ளே ஒரு கணினிக்கு வைரஸ் தொற்றினால் அது கடவுச்சொல்லே இல்லாமல் அனுப்பித் தள்ளும். பட்டியலைச் சேவையகத்தின் சொந்த முகவரியோடு நிறுத்திக்கொண்டு, ஸ்கேனருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள்.

## அறிகுறி 2: ‘நான் அனுப்பாத அஞ்சல் திரும்பி வருகிறது’ என்கிறார் பயனர்

இது பாதிக்கு மேல் களவே இல்லாத வழக்கு. யாரோ வேறோர் இடத்திலிருந்து அவர் முகவரியைப் போலியாகப் போட்டு அனுப்பியிருப்பார். சேராதவை எல்லாம் உண்மையான முகவரிக்குத் திரும்புகின்றன. பிரித்தறிவது எளிது. திரும்பி வந்த அஞ்சலுக்குள் மூல அஞ்சலின் தலைப்புகள் இருக்கும். அவற்றின் ‘ரிசீவ்ட்’ வரிகளில் உங்கள் சேவையகத்தின் பெயரும் வரிசை அடையாள எண்ணும் இருந்து, அந்த எண் உங்கள் பதிவேட்டிலும் இருந்தால் அஞ்சல் உங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. அறிகுறி 1-க்குச் செல்லுங்கள். பெயர் மட்டும் இருந்து எண் பதிவேட்டில் இல்லையென்றால் அந்த வரியும் போலி.

போலி என்று உறுதியானால், எந்தச் சேவையகங்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், அஞ்சலில் கையெழுத்திடும் டிகிம் ஆகியவற்றின் பதிவுகளைச் சரிபார்த்து, போலி அஞ்சலை என்ன செய்வது என்று பிறருக்குச் சொல்லும் டிமார்க் கொள்கையை ‘ஒன்றும் செய்யாதே’ நிலையிலிருந்து தனிமைப்படுத்தும் நிலைக்கும் பிறகு மறுக்கும் நிலைக்கும் படிப்படியாக உயர்த்துங்கள். பயனரிடம் ‘உங்கள் கணக்கு ஹேக் ஆகவில்லை’ என்று தெளிவாகச் சொல்லிவிடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். பலர் நாள்கணக்கில் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

## அறிகுறி 3: கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் நிற்கவில்லை

என்னை அதிகமாக அழைப்பது இந்த அறிகுறிக்காகத்தான். கடவுச்சொல்லை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, மறுநாள் காலை மீண்டும் அதே வீக்கத்தைப் பார்த்த நிர்வாகியின் குரலில் இருக்கும் சோர்வை நான் அறிவேன். கீழே உள்ளவற்றை ஒன்றுவிடாமல் சரிபாருங்கள்.

முதலில், ஓடுவது புதிய அஞ்சலா, பழைய வரிசையின் மிச்சமா என்று பாருங்கள். அனுப்ப முடியாத அஞ்சலை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருந்து முயலும். பதிவேட்டில் அந்த சாஸ்ல் பெயரோடு புதிய வரி எதுவும் இல்லையென்றால், வரிசையைச் சுத்தம் செய்தாலே போதும்.

புதிய வரிகள் வருகின்றன என்றால், திறந்த இணைப்பைச் சந்தேகியுங்கள். கடவுச்சொல் உள்நுழையும்போது மட்டுமே கேட்கப்படுகிறது. மாற்றுவதற்கு முன்பே உள்நுழைந்து, பயனர்கள் அஞ்சல் அனுப்பும் வாயில்களான (போர்ட்) 587-இலோ 465-இலோ இணைப்பைத் திறந்து வைத்திருப்பவர் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கலாம். எஸ்எஸ் கட்டளையால் அந்த வாயில்களின் திறந்த இணைப்புகளைப் பார்த்து, போஸ்ட்ஃபிக்ஸை மறுதொடக்கம் செய்து, மீண்டும் பாருங்கள்.

அடுத்தது டவ்காட்டின் நினைவகம். அங்கீகாரத் தற்காலிகச் சேமிப்பை இயக்கி வைத்திருந்தால், பழைய கடவுச்சொல் அதில் ஒரு மணி நேரம்வரை செல்லுபடியாகும். டவ்அட்மினால் அதைக் காலி செய்துவிட்டு, பழைய கடவுச்சொல்லை நீங்களே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். டவ்அட்மினின் ‘ஆத் டெஸ்ட்’ இதற்காகவே இருக்கிறது. அது தோல்வி என்று சொல்வதைக் கண்ணால் பார்க்காமல் கடவுச்சொல் மாறிவிட்டது என்று நான் நம்புவதில்லை. ஒருமுறை, நிர்வாகப் பலகை மாற்றியது ஒரு தரவுத்தளத்தை, டவ்காட் படித்துக்கொண்டிருந்தது இன்னொன்றை. இரண்டு நாள் போனது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் புதிய கடவுச்சொல்லும் களவு போகிறது என்றால், பிரச்சினை சேவையகத்தில் இல்லை. பயனரின் கணினியில் கடவுச்சொல் திருடும் நிரல் இருக்கலாம். அப்படியானால் அந்தக் கணினியைச் சுத்தம் செய்யும்வரை, புதிய கடவுச்சொல்லை அதில் தட்டச்சு செய்யவே கூடாது. அல்லது ‘உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே சரிபார்க்கவும்’ என்ற போலி அஞ்சலின் இணைப்பில் அவர் மீண்டும் உள்நுழைந்திருக்கலாம். இதைக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். பயந்தவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அவர் சொல்லாத உண்மை உங்களுக்கு இன்னும் ஓர் இரவைத் தின்னும்.

## அறிகுறி 4: வரிசை சாதாரணம், ஆனால் ஏதோ சரியில்லை

வாடிக்கையாளர் அனுப்பிய பதில் வந்துசேரவில்லை. அல்லது, தெரியாத ஊர்களிலிருந்து உள்நுழைவு தெரிகிறது. இந்த அமைதியான வகை, ஸ்பேம் வெள்ளத்தைவிட ஆபத்தானது.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுப் பெட்டியில் இதை நேரில் பார்த்தேன். பதிவேட்டைப் பின்னோக்கிப் படித்தபோது, புகார் வருவதற்கு 19 நாள்களுக்கு முன் ஒரு ஞாயிறு அதிகாலையில், அந்தக் கணக்கிலிருந்து ஒரே ஓர் அஞ்சல் வெளியூர் முகவரி ஒன்றுக்குப் போயிருந்தது. அளவு ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. பூட்டுக்குச் சாவி பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை அஞ்சல் அது. பிறகு 11 நாள் எதுவும் இல்லை. அதற்குப் பின் ஐமேப் உள்நுழைவுகள், ஒவ்வொன்றும் வேறு நாட்டு முகவரியிலிருந்து. பயனரின் அடைவைத் திறந்தால், வரும் அஞ்சலைத் தானாகப் பிரிக்கும் சீவ் வடிகட்டியில் ஒற்றைப் புள்ளியைப் பெயராகக் கொண்ட ஒரு விதி இருந்தது. ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள எந்த அஞ்சலையும் படித்ததாகக் குறித்து, யாரும் திறக்காத பழைய கோப்புறைக்கு அது நகர்த்திக்கொண்டிருந்தது.

எனவே பார்க்க வேண்டியவை: டவ்அட்மினின் சீவ் பட்டியலில் பயனர் எழுதாத விதிகள், வெளிமுகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு, ரவுண்ட்கியூப் அடையாளங்களில் மாற்றப்பட்ட பதில் முகவரி, ஒரே நாளில் ஒரே கணக்குக்குப் பல நாடுகளிலிருந்து வெற்றிகரமான உள்நுழைவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் 1அ-வின் ஒழுங்கைப் பின்பற்றுங்கள். சீவ் விதியை அழிக்கும் முன் நகலெடுத்து வையுங்கள். பணம் கோரும் அஞ்சல் எதுவும் அந்தக் கணக்கிலிருந்து போயிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வங்கி விவரம் மாறிவிட்டதாக வாடிக்கையாளருக்கு ஓர் அஞ்சல் போயிருந்தால், தொலைபேசியை எடுத்து அவரிடம் பேசுங்கள். அஞ்சலில் எச்சரிக்காதீர்கள், அந்த அஞ்சலையும் இன்னொருவர் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

## அறிகுறி 5: ஸ்பேம் நின்றுவிட்டது, ஆனால் நம் அஞ்சலைப் பிறர் ஏற்பதில்லை

பதிவேட்டில் வரும் மறுப்பு எண்ணைப் படியுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகம், காத்திருந்தால் போகும். ஜிமெயில் தரும் 421, 4.7.28 என்பது உங்கள் முகவரியிலிருந்து வழக்கத்துக்கு மாறான வேகத்தில் அஞ்சல் வந்ததால் தடுத்து வைத்திருக்கிறோம் என்ற பொருள்தான். 550, 5.7.1 போன்றவை நேரடி மறுப்பு.

ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்களில் இருக்கிறீர்களா என்று டிஎன்எஸ் வழியாகக் கேட்டுப் பாருங்கள். விடை 127.0.0.2 என்றால் எஸ்பிஎல், 127.0.0.3 என்றால் சிஎஸ்எஸ், 127.0.0.4 முதல் 7 வரை எக்ஸ்பிஎல் என்ற அதன் பட்டியலில் இருக்கிறீர்கள். 127.255.255.254 என்று வந்தால் நீங்கள் பட்டியலில் இருப்பதாகப் பொருளில்லை, கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டதால் விடை மறுக்கப்பட்டிருக்கிறது. இதைப் படிக்கத் தெரியாமல் கலங்குவோர் உண்டு. பெயரை நீக்கக் கட்டணம் இல்லை. ‘காசு கொடுத்தால் நீக்கித் தருகிறோம்’ என்று வரும் யாரிடமும் போகாதீர்கள். ஓட்டையை அடைக்கும் முன் நீக்கக் கோரவும் வேண்டாம். மீண்டும் பட்டியலில் ஏறினால் அடுத்த கோரிக்கைக்கு மதிப்புக் குறையும். புதிய ஐபி முகவரிக்குத் தாவுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. நற்பெயரே இல்லாத முகவரி, கெட்ட பெயர் உள்ள முகவரியைவிட அதிக வசதி தராது.

## மீண்டும் நடக்காமல் இருக்க, இந்த ஒழுங்கில்

எந்தப் பாதுகாப்பு வைத்தாலும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கடவுச்சொல் வெளியே போகும் என்று வைத்துக்கொண்டே சேவையகத்தை அமைக்க வேண்டும். அதனால் என் முதல் மருந்து கணக்குவாரி அனுப்பும் வரம்பு. போஸ்ட்ஃபிக்ஸின் உள்ளமைந்த வேக வரம்புகள் ஐபி முகவரியைத்தான் எண்ணும். ஸ்பேமரோ நூறு முகவரிகளிலிருந்து ஒரே கணக்கில் நுழைவார். எனவே சாஸ்ல் பயனர்பெயரை எண்ணும் கொள்கை நிரல் ஒன்று தேவை. போஸ்ட்எஃப்டபிள்யூடி இதைச் செய்யும். வரம்பு எவ்வளவு என்பதை ஊகிக்காதீர்கள். கடந்த மாதப் பதிவேட்டில் மிக அதிகமாக அனுப்பியவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பெறுநருக்கு அனுப்பினார் என்று பார்த்து, அதன் இரண்டு மடங்கை வையுங்கள். வரம்பு எட்டப்பட்டால் உங்களுக்கு உடனே அறிவிப்பு வர வேண்டும். இந்த ஒன்று இருந்தால், 40,000 அஞ்சல் போகும் இரவு, 100 அஞ்சலோடு நின்றுவிடும் இரவாக மாறும்.

இரண்டாவது, உள்நுழைந்தவர் தன் முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும் என்ற விதி. அனுப்புநர்-உள்நுழைவு அட்டவணையை எழுதி, பொருந்தாததை மறுக்கச் சொல்லுங்கள். ஒரு முகவரிக்கான அஞ்சலைப் பலர் அனுப்பும் அலுவலகமாக இருந்தால், அவர்களையும் அட்டவணையில் சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் மறுநாள் காலை புகார் வரும்.

மூன்றாவது, சேவையகங்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் வாயிலில் உள்நுழைவை அடைத்து, 587, 465 இரண்டில் மட்டும் மறைகுறியாக்கத்தோடு அனுமதிப்பது. ஒரே அஞ்சலுக்கான பெறுநர் வரம்பு இயல்பில் 1,000. அந்த வாயில்களில் அதை 50 அல்லது 100-ஆகக் குறைக்கலாம்.

தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் வையுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். இன்றைய கடவுச்சொல் ஊகிப்புகள் ஒரு முகவரியிலிருந்து ஒரே முயற்சி என்ற கணக்கில் வருகின்றன. சரியான கடவுச்சொல்லோடு வருபவரை அது பார்ப்பதே இல்லை. வலை அஞ்சலுக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பும், கைப்பேசிக்கும் அவுட்லுக்குக்கும் தனித்தனிச் செயலிக் கடவுச்சொற்களும் கொடுத்தால் பெரும் பகுதி அடைபடும். விலகிச் சென்ற ஊழியர்களின் கணக்குகளைப் பட்டியலிட்டு மூடுங்கள். நான் பார்த்த களவுகளில் யாரும் கவனிக்காத கணக்குகள் அடிக்கடி வந்திருக்கின்றன.

## எப்போது வல்லுநரை அழைக்க வேண்டும்

ரூட் பயனரிடமிருந்து ஸ்பேம் வந்திருந்தால், ரவுண்ட்கியூப் பழைய பதிப்பாக இருந்து அதன் வழியாகக் களவு நடந்திருந்தால், அல்லது தெரியாத கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலைகளும் செயல்முறைகளும் கண்ணில் பட்டால், அது கணக்குக் களவு அல்ல. சேவையகமே களவு போயிருக்கிறது. ஒரே நாளில் தொடர்பில்லாத ஐந்தாறு கணக்குகள் போயிருந்தால் கடவுச்சொல் தரவுத்தளமே வெளியேறியிருக்கலாம். இரண்டிலும் உங்கள் கைவேலையை நிறுத்திவிட்டு, பாதுகாப்புத் துறையில் அனுபவம் உள்ளவரை அழையுங்கள்.

இந்தியாவில் நிறுவனம் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட ஆணை, அதில் பட்டியலிடப்பட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அனுமதியற்ற நுழைவு அந்தப் பட்டியலில் உண்டு. முன்னே சொன்ன நான்கு வாரச் சுழற்சி இதற்குப் போதாது, இன்றே நீட்டுங்கள். போலி அஞ்சலை நம்பி யாரேனும் பணம் அனுப்பியிருந்தால், சேவையகத்தை விட்டுவிட்டு முதலில் வங்கிக்கும், இணைய நிதி மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வல்லுநர் வரும்வரை சேவையகத்தை மறுநிறுவல் செய்யாதீர்கள். வலையமைப்பிலிருந்து துண்டித்து, வட்டின் நகலை எடுத்து, பதிவேட்டுக் கோப்புகளையும், நிறுத்திவைத்த ஸ்பேம் அஞ்சல்களில் ஐந்தாறையும், நீங்கள் எந்த மணிக்கு எதைச் செய்தீர்கள் என்ற குறிப்பையும் அவரிடம் கொடுங்கள்.